பழைய கதவுப் பலகையில் தேன்பெட்டி: அடை கோணலாகப் போகிறது, எங்கே பிழை?

முருங்கைக்காட்டான் (ஒட்டன்சத்திரம் பக்கம்), ஏப்ரல் 9

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு ஏக்கர் முருங்கை வைத்திருக்கிறேன். வரப்போரம் புங்கமும் வேம்பும் நிற்கின்றன. மோட்டார் அறைச் சுவரில் ஒரு பொந்தில் அடுக்குத்தேனீ (நம் நாட்டுத் தேனீ) பல வருடங்களாகக் குடியிருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆசை வந்தது. பெட்டி, ஸ்டாண்டு, தேனீக் குடும்பம் எல்லாம் சேர்த்து விசாரித்தால் நாலாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். முருங்கை விலை கிலோ ஐந்து ரூபாய்க்கு இறங்கியிருந்த வாரம் அது. கையை விரித்துவிட்டேன்.

பிறகு தாத்தா வீட்டை இடித்தபோது கிடைத்த கதவுப் பலகைகளை அறுத்து நானே ஒரு பெட்டி செய்தேன். மாட்டுத் தொட்டி மாதிரி, மேலே அகலம், கீழே குறுகல். இரண்டு அடி நீளம். அடையை நான்கு பக்கமும் தாங்கும் சட்டம் கிடையாது, தேனீ அடை கட்டித் தொங்கவிட மேலே வரிசையாகப் பதினேழு மரத்துண்டுகள், அதாவது பட்டைகள் மட்டும். ஆணி, கீல், கூரைத் தகரம் எல்லாம் சேர்த்து 380 ரூபாய் ஆனது. உட்புறம் பழைய தேன்மெழுகை உருக்கித் தடவி, வேப்பமரத்தடியில் வைத்தேன். ஜனவரி கடைசியில், நான் எதுவும் செய்யாமலே, ஒரு கூட்டம் தானாக வந்து குடியேறியது. அன்று வீட்டில் பாயசம் வைத்தோம், நம்புங்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாகப் பட்டையைத் தூக்கினேன். முதல் இரண்டு அடைகள் பட்டைக்கு நேராக இருந்தன. நான்காவதைத் தூக்கியபோது மூன்றாவதும் ஐந்தாவதும் சேர்ந்தே வந்தன. அடைகள் மூன்று பட்டைகளைக் குறுக்கே பிடித்துக்கொண்டு கோணலாக ஓடியிருக்கின்றன. நான் பதற்றத்தில் சற்றே சாய்த்துவிட்டேன். ஒரு அடை அப்படியே கழன்று தரையில் விழுந்தது. தேன் வழிந்து தேனீக்கள் அதில் முங்கிக் கிடந்தன. கால் மணி நேரத்தில் எறும்பு வந்துவிட்டது. மனசு கேட்கவில்லை. மூடிவிட்டு வந்துவிட்டேன்.

பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடவா? என்ன பிழை செய்தேன்?

ரப்பர்க்காடு (குமரி மாவட்டம்), ஏப்ரல் 9

தம்பி, பட்டையின் அகலம் எத்தனை மில்லிமீட்டர்? உத்தேசமாக வேண்டாம். ஸ்கேல் வைத்து அளந்து சொல்லுங்கள்.

முருங்கைக்காட்டான், ஏப்ரல் 9

35 அண்ணாச்சி. ஒரு வெளிநாட்டுக்காரர் வீடியோவில் சொன்ன அளவு. அவர் பெட்டியில் அடைகள் புத்தகம் அடுக்கியது போல இருந்தன.

ரப்பர்க்காடு, ஏப்ரல் 10

அதுதான் கோளாறு. பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். பட்டைகளை மட்டும் மாற்றினால் போதும்.

அந்த வெளிநாட்டுக்காரர் வளர்ப்பது ஐரோப்பியத் தேனீ, நாம் இத்தாலியத் தேனீ என்று சொல்வது. அதன் உடல் பெரியது. ஒரு அடையின் நடுவிலிருந்து அடுத்த அடையின் நடுவுக்கு அது விடும் தூரம் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர். இந்தப் பட்டைப்பெட்டி 1970களில் கென்யாவில் உருவானது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் அங்குள்ளவர்களோடு சேர்ந்து, ஏழை விவசாயி தன் கையால் செய்துகொள்ளும்படி வடிவமைத்தார்கள். ஆப்பிரிக்கத் தேனீ சற்றுச் சிறியது என்பதால் அங்கே பட்டை 32 தான். நம் அடுக்குத்தேனீ அதைவிடவும் சிறியது. நம் சமவெளியில் அது விடும் தூரம் 30, மிஞ்சினால் 31.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் முதல் அடை முதல் பட்டையின் நடுவில் சரியாக இருக்கிறது. இரண்டாவது அடையைத் தேனீ 30 தள்ளித் தொடங்கும், உங்கள் பட்டையின் நடுவோ 35இல் இருக்கிறது. ஐந்து மில்லிமீட்டர்தானே என்று உங்களுக்குத் தோன்றும். மூன்றாவதில் அது பத்து. நான்காவதில் பதினைந்து. அதாவது நான்காவது அடை ஏறத்தாழ மூன்றாவது பட்டையும் நான்காவது பட்டையும் சேரும் இணைப்பின் மேல் வந்து உட்காரும். உங்களுக்கு எந்தப் பட்டையில் வினை தொடங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

என் பேச்சை நம்ப வேண்டாம். மோட்டார் அறைப் பொந்தில் டார்ச் அடித்து, அடைகளின் கீழ் விளிம்புக்கு நேரே ஒரு குச்சியை நீட்டி, அடைக்கு ஒரு கோடு போட்டு வெளியே எடுத்து அளந்து பாருங்கள். தச்சர் அளவு சொல்வதற்கு முன்னால் தேனீ அளவு சொல்லியிருக்கும்.

கணக்கப்பிள்ளை (கோவை), ஏப்ரல் 10

ஒன்று கேட்கிறேன், கோபப்பட வேண்டாம். இவ்வளவு மில்லிமீட்டர் பார்த்து அறுப்பதற்குச் சட்டமுள்ள பெட்டியே வாங்கிவிடலாமே? 380 ரூபாய் என்கிறீர்கள். பலகை இனாம், கூலி இனாம், விழுந்த அடையில் போன தேன் இனாம். தாத்தா வீட்டுத் தேக்குக் கதவைப் பழைய மரக்கடையில் போட்டிருந்தாலே இரண்டு பெட்டி வந்திருக்கும்.

முருங்கைக்காட்டான், ஏப்ரல் 10

தேக்கு இல்லை ஐயா, மாமரம். கறையான் தின்றது போக மிச்சம். மரக்கடைக்காரர் விறகுக்குக் கேட்டார்.

ஏர்முனை (திருவண்ணாமலை), ஏப்ரல் 10

நண்பரே, கோணலாகக் கட்டினால் உங்களுக்கு என்ன? கட்டியது தேனீயின் விருப்பம். காட்டில் எந்த மரப்பொந்தில் ஸ்கேல் வைத்திருக்கிறார்கள்? திறந்து பார்க்கிறேன் என்று போனதால்தான் அடை விழுந்தது. இயற்கை முறை என்றால் கை வைக்காமல் இருப்பது. நான் மூன்று மண்பானைகளைத் திண்ணை மேல் படுக்க வைத்திருக்கிறேன். வாயைப் பலகையால் மூடி, விரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. வருகிறவை வரும், போகிறவை போகும். என் காய்கறிக்கு மகரந்தச் சேர்க்கை நடந்தால் எனக்குப் போதும்.

ரப்பர்க்காடு, ஏப்ரல் 11

ஏர்முனை சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மகரந்தச் சேர்க்கை மட்டும் போதும் என்பவருக்குப் பானை நல்ல வீடு. களிமண் வெயிலைத் தாங்கும், செலவும் இல்லை. ஆனால் தம்பிக்குத் தேனும் வேண்டும். பானையில் தேன் எடுக்க என்ன வழி? அடையை அறுத்தாக வேண்டும். அறுக்கும்போது புழு அடையும் சேர்ந்து போகும். புழுவோடு பிழிந்த தேனைப் பார்த்திருக்கிறேன். வெள்ளையாகக் கலங்கி, மூன்றே நாளில் புளித்துவிடும். அதில் எந்த இயற்கையும் எனக்குத் தெரியவில்லை. புழு அடையைத் தொடாமல் தேன் அடையை மட்டும் எடுக்கத்தான் பட்டை, சட்டம் எல்லாம் வந்தன.

கணக்கப்பிள்ளைக்கும் பதில் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் எல்லோரிடமும் இருப்பது சட்டப்பெட்டிதான், என்னிடமும் அதுதான். பாதிரியார் நியூட்டன் நம் தேனீயின் அளவுக்கென்றே சின்னப் பெட்டியை வடிவமைத்து, 1911 முதல் 1917 வரை கிராமத்து ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச் காலத்தில் அது எங்கள் பகுதியில் வீட்டுத் தொழிலாகவே ஆனது. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும் ஜனவரி முதல் மார்ச் வரை எங்களுக்கு அறுவடை. பூவில் இல்லை, இலைக்காம்பும் மூன்று சிற்றிலைகளும் சேரும் இடத்தில் தேன் சுரக்கும். அப்போது வாரம் ஒருமுறை தேன் எடுக்க வேண்டும். அடையை அறுத்துப் பிழிந்தால் தேனீ மறுபடி மெழுகு சுரந்து கட்ட வேண்டும். ஒரு கிலோ மெழுகுக்கு ஆறு முதல் எட்டு கிலோ தேனைத் தின்னும் என்று பொதுவாகச் சொல்வார்கள். சட்டத்தைச் சுழற்றித் தேனை மட்டும் எடுத்துவிட்டு வெற்று அடையைத் திருப்பிக் கொடுத்தால் அந்தச் செலவு இல்லை. தேன் வியாபாரம் செய்கிறவன் பட்டைப்பெட்டி வைத்தால் நஷ்டப்படுவான். நானே வைக்க மாட்டேன்.

தம்பி வியாபாரம் செய்யவில்லை. முருங்கைக்குக் காய் பிடிக்க வேண்டும், வீட்டுக்கு இரண்டு பாட்டில் தேன் வேண்டும். தேன் எடுக்கும் கருவி வாங்கத் தேவையில்லை, அச்சு அடைத் தாள் (அறை வடிவம் பதித்த மெழுகுத் தாள்) தேவையில்லை. அவருக்கு இந்தப் பெட்டி போதும். காசை மிச்சம் பிடிக்கும் இடம் பலகை, கூரை, ஸ்டாண்டு. அளவில் மிச்சம் பிடிக்கக் கூடாது. அதற்குக் காசும் ஆகாது.

மலைநாட்டான் (மாத்தளை, இலங்கை), ஏப்ரல் 11

எங்கள் தாத்தாவும் பானையில்தான் வளர்த்தார். வாசல் கூரையின் கீழே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். எறும்பு வராமல் கயிற்றில் கழிவு எண்ணெய் தோய்த்த துணியைச் சுற்றுவார். தேன் எடுக்கும் இரவில் எங்களை வெளியே விட மாட்டார்கள். தேங்காய் மட்டைப் புகையின் வாசனை மட்டும் ஞாபகம் இருக்கிறது. ரப்பர்க்காடு ஐயா சொல்வது உண்மை. அறுத்த பிறகு பாதிப் பானைகள் காலியாகிவிடும். அடுத்த பருவத்தில் புதுக் கூட்டம் வந்தால் உண்டு.

முருங்கைக்காட்டான், ஏப்ரல் 13

அண்ணாச்சி, பொந்தில் குச்சி விட்டு அளந்துவிட்டேன். கையில் இரண்டு கொட்டு. ஆறு அடைகளுக்கு நடுவே ஐந்து இடைவெளி, மொத்தம் 152 மில்லிமீட்டர். வகுத்தால் முப்பதும் கொசுறும்.

தச்சுப்பட்டறையில் கொடுத்து 30 மில்லிமீட்டரில் இருபது பட்டைகள் இழைத்து வாங்கிவிட்டேன். இருபதும் சேர்ந்து 600, பெட்டிக்குச் சரியாக உட்காருகின்றன. இப்போது உள்ளே இருக்கும் கோணல் அடைகளை என்ன செய்வது?

ரப்பர்க்காடு, ஏப்ரல் 13

கொட்டியவுடனே கொடுக்கை எடுத்தீர்களா? வழித்தாலும் கிள்ளினாலும் ஒன்றுதான், தாமதித்தால்தான் விஷம் அதிகம் ஏறும்.

இனி வேலை. வெயில் தாழ்ந்து நான்கரை மணிக்கு மேல் தொடங்குங்கள். பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். வாழைநார் ஊறவைத்துக்கொள்ளுங்கள், நூலோ பிளாஸ்டிக் கயிறோ வேண்டாம். மெல்லிய கத்தி, ஒரு வாளித் தண்ணீர், ஈரத்துணி, மூடியுள்ள பாத்திரம், தேங்காய் நார்ப் புகை. புகை கொஞ்சம் போதும். நம் தேனீக்கு அதிகம் புகை போட்டால் வீட்டையே காலி செய்துவிடும்.

காலியான பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு அடையாக, பட்டையோடு ஒட்டிய இடத்தில் அறுத்து எடுத்து, தேனீக்களை மெதுவாகப் பெட்டிக்குள்ளேயே உதறுங்கள். அறுத்த அடையை இரண்டாகப் பாருங்கள். மேல் ஓரம் தடித்து, வெள்ளை மூடி போட்டிருப்பது தேன். அதை அறுத்துப் பாத்திரத்தில் போட்டு மூடுங்கள். கனமான தேன் அடையைக் கட்டினால் நிற்காது. கீழே பழுப்பு மூடி போட்டிருப்பது கூட்டுப்புழு, திறந்த அறையில் வெள்ளையாக வளைந்து கிடப்பது புழு. இந்தப் பகுதிதான் உங்கள் சொத்து. மேல் விளிம்பை நேராக வெட்டிப் புதுப்பட்டையின் நடுக்கோட்டில் ஒட்டி, வாழைநாரால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். மேல் பக்கம் மேலேயே இருக்க வேண்டும். தலைகீழாகக் கட்டிவிடாதீர்கள், அறைகள் சற்றே மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், அதுதான் அடையாளம். இரண்டு மூன்று நாளில் மெழுகு வைத்து ஒட்டிவிடும். பிறகு நாரைக் கடித்துக் கடித்து வாசலில் தள்ளும். அதைப் பார்த்தால் பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

ராணி கண்ணில் பட்டால் ஊசியால் துளை போட்ட தீப்பெட்டிக்குள் விட்டு, அடைகளுக்கு நடுவே வையுங்கள். மறுநாள் மாலை திறந்துவிடலாம். கண்ணில் படாவிட்டால் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். அறுத்த அடை எதையும் அவள் அதில் இல்லை என்று பார்க்காமல் வெளியே வைக்காமல் இருந்தால் போதும்.

ஐந்தாறு அடைதான் இருக்கும். அதற்கு அடுத்து ஒரு தடுப்புப் பலகை வைத்து இடத்தைச் சுருக்குங்கள். வாசல் பழைய திசையிலேயே, பழைய இடத்திலேயே இருக்க வேண்டும்.

இன்னொன்று. இத்தாலியத் தேனீ மரப்பிசினைக் கொண்டுவந்து பெட்டியின் விரிசல்களை அடைத்துக்கொள்ளும். நம் தேனீ அந்த வேலை பார்க்காது. பழைய பலகையில் ஆணி ஓட்டை, கீற்று எல்லாம் இருக்கும். சாணியும் களிமண்ணும் குழைத்து நீங்கள்தான் பூச வேண்டும். பெயின்ட், வார்னிஷ் அடித்துவிடாதீர்கள்.

தும்பைப்பூ (தென்காசி), ஏப்ரல் 14

பலகை பற்றி ஒரு வார்த்தை. அடுத்த பெட்டிக்குச் சரக்கு இறக்கிய மரத்தட்டுகளைத் தேடுகிறவர்கள் அதில் சூடு வைத்த முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்று இருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது, பயன்படுத்தலாம். எம்.பி. என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது. அது அடுப்புக்கும் ஆகாது, பெட்டிக்கும் ஆகாது.

தம்பி, கட்டி முடித்த அன்று மாலை சர்க்கரைப் பாகு வைத்துவிடுங்கள். ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர். சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, தேனீ முங்காமல் இருக்க நான்கு ஈர்க்குச்சி போட்டு, பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். மூன்று நாலு நாள் போதும்.

ஏர்முனை, ஏப்ரல் 14

வந்துவிட்டது சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரையை ஊட்டி வளர்த்துவிட்டு இயற்கைத் தேன் என்று விற்பதற்குப் பெயர் என்ன அக்கா?

தும்பைப்பூ, ஏப்ரல் 14

நான் விற்பதற்குச் சொல்லவில்லை தம்பி. வீட்டை இடித்து, சேமித்ததையெல்லாம் பாத்திரத்தில் அள்ளிக்கொண்டு, அன்றிரவு பட்டினி போட்டால் அந்தக் குடும்பம் ஏன் அங்கே இருக்க வேண்டும்? தேனைப் பறித்தது நாம். அதற்கு ஈடு கட்டுவதும் நாமாகத்தான் இருக்க வேண்டும். பூ நிறைய இருக்கும் காலத்தில் பாகு ஊற்றித் தேன் அளவைக் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

சர்க்கரையே தொட மாட்டேன் என்றால் இன்னொரு வழி உண்டு. அறுத்த தேன் அடையில் ஒரு கை அகலத் துண்டைத் திரும்ப உள்ளே வைத்துவிடுங்கள். வெளியில் வைத்தால் பக்கத்துக் கூட்டங்கள் கொள்ளையடிக்க வந்துவிடும்.

ஏர்முனை, ஏப்ரல் 15

அடைத் துண்டு எனக்குச் சம்மதம்.

ரப்பர்க்காடு, ஏப்ரல் 15

எனக்கு இரண்டும் சம்மதம். ஜூன் முதல் அக்டோபர் வரை எங்கள் மழையில் பாகு கொடுக்காமல் ஒரு பெட்டியும் மிஞ்சாது. தேனை முழுக்க எடுக்காமல் விட்டால் பாகு தேவைப்படாது என்று ஏர்முனை சொல்வார், அதுவும் சரிதான். நான் எடுத்துவிடுகிறேன். பிள்ளைகளைப் படிக்கவைத்தது அந்தத் தேன்.

பூச்சியியல் மாணவன் (மதுரை), ஏப்ரல் 16

ஐயா, ஒரு எச்சரிக்கை. பொந்திலிருக்கும் கூட்டத்தின் புழு அடையைப் பெட்டிக்கு மாற்றிப் பலப்படுத்தலாம் என்று வேறொருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். நோய் இல்லை என்று உறுதியாகத் தெரியாமல் ஒரு கூட்டத்தின் அடையை இன்னொன்றுக்கு மாற்ற வேண்டாம். தாய் சேக் புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய் அடுக்குத்தேனீயின் புழுக்களைத் தாக்கும். தாய்லாந்தில் 1976இல் முதலில் கண்டறியப்பட்டது. 1991-92இல் தென்னிந்தியாவுக்கு வந்தபோது சுமார் 90 விழுக்காடு கூட்டங்கள் அழிந்தன. நோய் கண்ட புழு கூட்டுப்புழுவாக மாறாமல் மல்லாந்து, தலை அறை வாசலைப் பார்த்தபடி இறந்து கிடக்கும். இடுக்கியால் இழுத்தால் நீர் கோத்த பை போல முழுசாக வரும். மருந்து கிடையாது.

ரப்பர்க்காடு, ஏப்ரல் 16

தம்பி வருடத்தைச் சொன்னதும் வயிற்றைப் பிசைகிறது. அந்த வருடம் என்னிடம் நாற்பது பெட்டிகள் இருந்தன. மூன்று மிஞ்சின. காலிப் பெட்டிகளை மாட்டுக்கொட்டகையில் அடுக்கி வைத்துவிட்டு ரப்பர் பால் வெட்டக் கூலிக்குப் போனேன். எங்கள் தெருவில் பலர் பெட்டிகளை அடுப்பில் வைத்தார்கள். அந்த மூன்றில் ஒன்றைப் பிரித்துப் பிரித்துத்தான் பிறகு பெருக்கினேன். நோயைத் தாங்கி நின்ற கூட்டத்தின் வாரிசுகள் இப்போதும் என்னிடம் இருக்கின்றன.

ஏர்முனையின் பானைகளைப் பற்றி நான் குறை சொல்லாததற்கு இதுவும் காரணம். அந்த நோய்க்குப் பிறகு எங்களுக்கு மறுபடி கூட்டம் கிடைத்தது காட்டுப் பொந்துகளிலிருந்தும் யாரும் கை வைக்காத பானைகளிலிருந்தும்தான்.

கணக்கப்பிள்ளை, ஏப்ரல் 17

சரி, அடையைத் தின்னும் மெழுகுப்புழுவுக்கு என்ன செய்கிறீர்கள்? என் மைத்துனன் வாங்கிய இரண்டு பெட்டிகளும் ஆறே மாதத்தில் நூலாம்படையாகிவிட்டன. மானியத்தில் வந்த பெட்டி. கொடுத்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனதோடு சரி.

தும்பைப்பூ, ஏப்ரல் 17

மெழுகுப்புழு பெட்டியைக் கெடுப்பதில்லை, கெட்ட பெட்டிக்குத்தான் வருகிறது. கூட்டம் பலமாக இருந்தால் அடையில் அந்துப்பூச்சியை முட்டையிட விடாது. தேனீயின் எண்ணிக்கைக்கு மேல் காலி அடை தொங்கினால் அது அந்துப்பூச்சிக்கு வைத்த விருந்து. அடுக்குத்தேனீ பழைய அடையைத் தானே கடித்து உதிர்க்கும். அந்தத் தூள் தரையில் குவியும். புழு முதலில் வளர்வது அந்தக் குப்பையில். எட்டு நாளைக்கு ஒருமுறை அடிப்பலகையைத் துடைத்தால் பாதி வேலை முடிந்தது. கறுத்த காலி அடைகளை வெட்டி உருக்கிவிடுங்கள். மருந்து எதுவும் வேண்டாம், மெழுகு எல்லாவற்றையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

உங்கள் மைத்துனர் கடைசியாக எப்போது பெட்டியைத் திறந்தார்?

கணக்கப்பிள்ளை, ஏப்ரல் 17

திறக்கவே இல்லை. பயம்.

தும்பைப்பூ, ஏப்ரல் 18

பயந்தவர்களுக்குக் கொசுத்தேனீ இருக்கிறதே. கொடுக்கு கிடையாது. மிஞ்சிப்போனால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும். என்னிடம் ஒரு முழ நீள மூங்கில் துண்டுகளில் ஆறு கூடுகள் இருக்கின்றன. நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, மறுபடி சேர்த்துக் கம்பியால் கட்டி, வீட்டுச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறேன். இரண்டு தேங்காய்ச் சிரட்டையைச் சேர்த்துக் கட்டினாலும் குடியிருக்கும். செலவு என்றால் கம்பிதான். வாசலில் பிசினால் குழாய் மாதிரி ஒன்று கட்டும், சாயங்காலம் அதன் வாயில் காவல்காரத் தேனீக்கள் வட்டமாக நிற்பதைப் பார்த்துக்கொண்டே காபி குடிப்பேன். தேன் மட்டும் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. வருடத்துக்கு ஒரு கூட்டில் முன்னூறு, நானூறு கிராம். பிசின் பந்துகளில் இருக்கும், புளிப்புத் தட்டும். என் மாமியார் அதைப் பேரனுக்கு இருமலுக்கு வைத்துக்கொண்டு யாருக்கும் தர மாட்டார்.

முருங்கைக்காட்டான், ஏப்ரல் 21

கட்டிவிட்டேன். ஏழு கொட்டு. மனைவிக்கு ஒன்று; அதற்குத்தான் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். ராணி கண்ணில் படவில்லை. நான்கு அடைகள் கட்டினோம், தேன் அடை அரைக் கிலோ போலக் கிடைத்தது. அதில் ஒரு துண்டைத் திருப்பி வைத்தோம், பாகும் வைத்தோம். ஏர்முனை மன்னிக்கவும்.

நேற்று மாலை பார்த்தேன். வாசலுக்குக் கீழே தரையில் வாழைநார்ப் பிசிர் கிடக்கிறது.

ரப்பர்க்காடு, ஏப்ரல் 21

ராணி இருப்பாள் போலிருக்கிறது. ஆனால் முட்டையைப் பார்க்கும் வரை உறுதி இல்லை. எட்டு நாளைக்குத் தொடாதீர்கள். பிறகு அறைக்குள் முட்டை தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். முட்டை மூன்று நாளில் பொரிந்துவிடும் என்பதால், முட்டையைப் பார்த்தால் மூன்று நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறாள் என்று கணக்கு.

முருங்கைக்காட்டான், மே 11

முட்டை இருக்கிறது. புது அடை இரண்டு, நூல் பிடித்தது போல நேராக வந்திருக்கின்றன.

வேறொரு சிக்கல். இரண்டு நாளாக நண்பகலில் தேனீக்கள் வாசலுக்கு வெளியே தாடி மாதிரித் தொங்குகின்றன. ஓடிவிடப் பார்க்கிறதா? தகரக் கூரை, தொட்டால் சுடுகிறது.

மலைநாட்டான், மே 11

தகரத்தின் மேல் தென்னங்கீற்றைப் போடுங்கள். சுடுகிற தகரம் பட்டைக்கு நேர் மேலே இருந்தால் யார்தான் உள்ளே இருப்பார்கள்?

ரப்பர்க்காடு, மே 11

கீற்று சரி. தகரத்துக்கும் பட்டைக்கும் நடுவே நான்கு விரல் காற்று இடைவெளியும் விடுங்கள். உங்கள் முதல் அடை விழுந்ததற்குக் கோணல் மட்டும் காரணம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. புது மெழுகு 40 டிகிரியைத் தாண்டினால் வெண்ணெய் போலத் துவளும். சட்டத்தில் நான்கு பக்கமும் பிடிமானம் உண்டு. பட்டையில் மேல் விளிம்பு ஒன்றுதான். அதனால் வெயில் நேரத்தில் பட்டைப்பெட்டியைத் திறக்கவே கூடாது. தூக்கும்போது அடையைச் சாய்த்துப் படுக்கவைக்காமல், செங்குத்தாகவே பிடித்துப் பம்பரம் போலத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

வாசலில் நின்று சிறகடிக்கும் தேனீக்களையும் கவனியுங்கள். நம் தேனீ தலையை வெளிப்பக்கம் வைத்து வெளிக்காற்றை உள்ளே தள்ளும். இத்தாலியத் தேனீ உள்ளே பார்த்து நின்று உள்காற்றை வெளியே இழுக்கும். நாற்பது வருடம் வைத்திருந்தும் இதை எனக்கு என் பேத்திதான் காட்டினாள்.

பத்தடிக்குள் தண்ணீர் இருக்கிறதா? அகலமான மண்சட்டியில் கூழாங்கல் போட்டு ஊற்றி வையுங்கள்.

முருங்கைக்காட்டான், செப்டம்பர் 3

பலரும் கேட்டதால் எழுதுகிறேன். கூட்டம் இருக்கிறது. ஜூலைக் காற்றில் மிகவும் இளைத்துவிட்டது; மூன்று முறை பாகு வைத்தேன். தடுப்புப் பலகையை இரண்டு பட்டை உள்ளே தள்ளினேன். ஸ்டாண்டுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்திருந்தும் ஒருநாள் எறும்பு ஏறிவிட்டது. ஒரு புல் தாள் பெட்டியில் சாய்ந்து பாலம் போட்டிருந்தது.

பெரிய மாற்றம் மருந்தடிப்பதில்தான். மொக்குப்புழுவுக்குக் காலையில் அடித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஐந்தரை மணிக்கு மேல், அதுவும் வேப்பங்கொட்டைக் கரைசல் மட்டும். பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பாவிடமும் கேட்டேன். உன் ஈக்காக நான் ஏன் இருட்டில் மருந்தடிக்க வேண்டும் என்றார். அரைக் கிலோ தேன் தருவதாக ஒப்பந்தம்.

ஏர்முனை, செப்டம்பர் 3

சித்தப்பாவுக்கு ஒரு பானை கொடுத்துவிடுங்கள். சொந்த ஈ வந்துவிட்டால் தானாக இருட்டில் அடிப்பார்.

முருங்கைக்காட்டான், மார்ச் 22

சென்ற வாரம் தேன் எடுத்தோம். பதினான்கு பட்டைகளில் அடை. வாசல் பக்கத்து ஒன்பதையும் தொடவில்லை, அவை புழு அடைகள். பின்பக்கத்து ஐந்தில் மூன்றை மட்டும் அறுத்தேன், மேலே ஒரு விரல் அகலம் அடையை விட்டு. அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி நேராகக் கட்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். முக்கால் பங்குக்கு மேல் மூடி போட்ட அடைகள். பிழியவில்லை. நசுக்கி, வெள்ளை வேட்டித் துணியில் இரவு முழுக்கத் தொங்கவிட்டு வடித்தோம். ஒரு கிலோ எண்ணூறு கிராம். நல்ல அடர்த்தி, லேசாகக் கசப்பு. வேப்பம்பூ இன்னும் முழுசாக வரவில்லையே, கசப்பு எதனால்?

சித்தப்பாவுக்கு அரைக் கிலோ போய்விட்டது. கணக்கப்பிள்ளை ஐயா கணக்குப் போடுவதற்காக: 380 ரூபாயோடு பட்டை இழைத்த கூலி 200, சர்க்கரை ஐந்து கிலோ.

கணக்கப்பிள்ளை, மார்ச் 22

கணக்குச் சரியாகத்தான் வருகிறது. மைத்துனன் அந்தக் காலிப் பெட்டிகளை இன்னும் வைத்திருக்கிறான். சுத்தம் செய்து மெழுகு தடவி வேப்பமரத்தடியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பயம் போகவில்லை, அதனால் தள்ளி வைத்திருக்கிறான்.

ரப்பர்க்காடு, மார்ச் 23

கசப்பு முருங்கையாக இருக்காது. வரப்பில் முன்பருவத்தில் பூத்த வேம்பு ஒன்று இருந்தாலே போதும், தேனீ ஒரு கிலோமீட்டர் போய்வரும். குறை ஒன்றுமில்லை.

மூடி போடாத கால் பங்கையும் சேர்த்து நசுக்கியிருக்கிறீர்கள். அதில் ஈரம் அதிகம். இருபது விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் தேன் சட்டப்படியும் தேறாது, பாட்டிலிலும் நுரைக்கும். ஒரு பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். குமிழி சோம்பலாக ஏறினால் கவலை இல்லை. விறுவிறு என்று ஏறினால் அதை முதலில் சாப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள்.

முருங்கைக்காட்டான், மார்ச் 23

ஒன்று சோம்பல், ஒன்று விறுவிறு. விறுவிறு பாட்டில்தான் சித்தப்பாவிடம் இருக்கிறது.

தும்பைப்பூ, மார்ச் 23

இன்றைக்கே போய் மாற்றிக்கொடுத்துவிட்டு வாருங்கள். மருந்தடிக்கும் பருவம் வருகிறது.